மோத்தி தனியாகத் தின்னாது

வலது கையை நீட்டிச் செல்போனைக் கூண்டுக் கம்பியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார் பாய். அவர் மனைவி வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதங்களில், நான் வேலைக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கும்போதெல்லாம் பார்த்த காட்சி அது. போனிலிருந்து பாயம்மாவின் குரல் வரும். "மோத்தி, காயா க்யா ரே?" சாப்பிட்டாயாடா என்று கேட்கும் அந்தக் குரலுக்குக் கூண்டில் இருக்கும் பறவை தலைக்கொண்டையைச் சிலிர்த்து நிமிர்த்தும். கம்பியில் அலகை உரசும். தலையைச் சாய்த்து, போனுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும், குரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை தினையைக் கொத்தும். குரல் நின்றால் அதுவும் நிறுத்திவிடும். பாய் முகத்தைத் திருப்பாமலே கட்டைவிரலால் மறுபடி அழுத்துவார்.

ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்கள் அவர்கள். கீழே அவர்கள், மாடியில் நாங்கள். நான் குடியாத்தத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி ஆம்பூர் வந்து ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாய், தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரித்துப் போடுகிற வேலை. நாளெல்லாம் செய்தாலும் பேசத் தேவையில்லாத வேலை. அந்தப் பழக்கமோ, பிறவிக் குணமோ, வீட்டிலும் அவர் குரல் கேட்பது அபூர்வம். வாடகை கொடுக்கப் போனால் தலையசைப்பார். மழை வந்தால் "மேல ஒழுகுதா?" என்று கேட்பார். அவ்வளவுதான். பாயம்மா அதற்கெல்லாம் சேர்த்துப் பேசுவார். கறிக்காரரிடம், பால்காரரிடம், வாசலில் நிற்கும் ஆட்டுக்குட்டியிடம், என்னிடம். ஊரிலிருந்து வந்த புதிதில் யாரையும் தெரியாமல் நான் மாடியில் அழுதுகொண்டிருந்தபோது, ஒரு கிண்ணம் கத்திரிக்காய்த் தொக்கோடு ஏறி வந்து, அழுகையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் ஒரு மணி நேரம் வேறு கதைகளைப் பேசிவிட்டுப் போனவர் அவர்.

மோத்தி ஒரு காக்கட்டீல், கொண்டை வைத்த சின்னக் கிளி இனம். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், ரூஜ் பூசினாற்போலக் கன்னத்தில் செம்மஞ்சள் வட்டம். அவர்களுடைய ஒரே மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியது. கல்யாணமாகிப் பெங்களூர் போனபோது விட்டுவிட்டுப் போய்விட்டாள். பாயம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவே இல்லை. "ஆசப்பட்டது அவ, பீ அள்றது நானா?" என்று சத்தம் போடுவார். ஆனால் கூடத்தில் தனியாக விட்டால் மோத்தி வீடே அதிரும்படிக் கத்தும். அந்தக் கத்தல் பொறுக்காமல்தான் கூண்டைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். அங்கே போனதும் அது அடங்கிவிட்டது. வெங்காயம் அரிகிற கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். குக்கர் விசில் அடித்தால் பதிலுக்குச் சீட்டியடிக்கும். பிறகு கூண்டுக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது.

அந்த வீட்டில் பாய்தான் முதலில் சாப்பிடுவார். முன்னறையில் தனியாக, உருது நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு. அவர் எழுந்து கை கழுவிய பிறகு பாயம்மா சமையலறைத் தரையில் தட்டோடு உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வழக்கம். மோத்தி வந்த பிறகு அவருக்கு எதிரே ஒரு துணை. தட்டு விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவர் ஒரு வாய் எடுத்தால் அது ஒரு கொத்து கொத்தும். "இத பாரு பேட்டி" என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் இருவருக்கும் நான் பேட்டி, மகள். "நான் வாய் வெச்சாதான் இது வாய் வெக்கும். நான் எழுந்துட்டேனா, இதுவும் எழுந்துடும். தனியா தின்னாது, ஷைத்தான்."

"ஜோடி ஒண்ணு வாங்கி விடுங்களேம்மா, பாவம்" என்றேன்.

"எதுக்கு? நான் இல்ல?" என்றார்.

அந்தக் கோடையில் பாயம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்கு உள்ளூர் மருந்து எதுவும் கேட்கவில்லை. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் நோய் என்று சொல்லி உடனே சேர்த்துக்கொண்டார்கள். சிகிச்சையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுக்கக் குறைந்துவிடும், கிருமி அண்டக் கூடாது என்பதால் தனி அறை. மகள் வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கினாள்; உள்ளே போக அவளுக்கும் அனுமதி இல்லை. பாய் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார்.

மோத்தி முதலில் சில நாள் கத்தியது. காலையில் வெளிச்சம் விழுந்ததும் சமையலறை வாசலைப் பார்த்துக் கூப்பிடும். பதில் வராது. மறுபடி கூப்பிடும். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. கூண்டின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு தன் மார்பு இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியது. பாய் தினமும் கிண்ணத்தில் தினையைக் கொட்டினார், தண்ணீர் மாற்றினார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் போன் செய்தபோது பறவை தின்னவில்லை என்ற சேதியை அவர்தான் சொல்லியிருக்கிறார். உடனே வீடியோ காலில் பாயம்மா வந்தார். முகத்தில் மாஸ்க், முடி கொட்டிய தலையில் துணி. மோத்தி அந்தப் படத்தைப் பார்த்துச் சீறிக்கொண்டு பின்னுக்குப் போனது. ஆனால் அவர் "மோத்தி" என்றதும் கொண்டை நிமிர்ந்தது. எங்கே எங்கே என்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"மூஞ்சி வேணாம். அதுக்கு பயமா இருக்குது" என்றார் பாயம்மா. "கொரல மட்டும் அனுப்புறேன்."

அப்படித்தான் அந்தக் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. அவருக்கு முடிந்த நாளில் நீளமாக, முடியாத நாளில் இரண்டே வார்த்தை. பாதி உருது, பாதி தமிழ். ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்காருகிறது, உன்னை மாதிரி அழகில்லை. கஞ்சியில் உப்பே இல்லை. நர்ஸ் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை துபாயில். "நல்லா தின்னு. நான் வர்ற வரைக்கும் ஒடம்ப வெச்சிக்கோ." எல்லாம் பறவைக்குச் சொல்வதுதான். பாய் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவர் காதில் அந்தப் பேச்சு விழுந்ததா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாயம்மா வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை.

அன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். மோத்தியின் கூண்டை நான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கீழே அழுகைச் சத்தம் எழுந்தபோதெல்லாம் அது கழுத்தை நீட்டிக் கேட்டது. உறவினர்கள் கலைந்து, மகளும் பெங்களூர் திரும்பிய பிறகு கூண்டைக் கீழே கொண்டுபோய் வைத்தேன். பாய் பழையபடி தினை கொட்டினார். போனை எடுக்கவில்லை. மோத்தி கிண்ணத்தின் பக்கமே போகவில்லை.

"அந்தப் பதிவ போட்டீங்கன்னா சாப்பிடும் பாய்" என்றேன், தயங்கித் தயங்கி.

"வேணாம் பேட்டி" என்றார். "மண்ணுக்குள்ள போன கொரலு."

அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பறவையின் உடம்பு நாளுக்கு நாள் கரைந்தது. உட்காரும் கட்டையில் பிடிமானம் இல்லாமல் தள்ளாடத் தொடங்கியதும் பாயே மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, வேலூரில் பறவைக்கு டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அவராக வந்து என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. விசாரித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கிளம்பினோம். சின்னக் கூண்டுக்கு மேல் பாயம்மாவின் பழைய துப்பட்டாவைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு பாய் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டா தாண்டும்வரை காற்றில் துப்பட்டா விலகாமல் பிடித்துக்கொண்டே வந்தார். பிறகு, "இதுவும் போயிடுமா பேட்டி?" என்று கேட்டார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. மோத்தியைத் துணியில் சுற்றிப் பிடித்து மார்பைத் தடவிப் பார்த்தார். பாயின் விரலையும் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். சதை வற்றி, நடு எலும்பு கத்தி முனை மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது. தோலைத் தடவியே காலம் கழித்த அந்தக் கட்டைவிரல் அங்கேயே சற்று நேரம் நின்றது. நோய் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். இது கூட்டமாக மேய்கிற இனம், பக்கத்தில் இன்னொன்று தின்றால்தான் ஆபத்தில்லை என்று நம்பித் தானும் தின்னும், தனியாக விட்டால் பயத்திலேயே பட்டினி கிடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"வீட்ல இது யார்கூட உக்காந்து சாப்பிடும்?"

"எங்க வீட்டம்மாகூட."

"அப்ப அவங்கள தெனமும் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்கார சொல்லுங்க. சரியாப்போகும்."

பாய் தரையைப் பார்த்தார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சுற்றிய துணியை அவிழ்த்தார். பிறகு பறவையைப் பாயின் கையில் மெதுவாக வைத்து, "அப்ப நீங்க உக்காருங்க ஐயா" என்றார்.

மறுநாள் காலை படியிறங்கியபோது பாயம்மாவின் குரல் கேட்டு, பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "மோத்தி, காயா க்யா ரே?" சமையலறைக் கதவு திறந்திருந்தது. பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கூண்டு. நடுவில் ஒரு தட்டு. ஓட்டல் இட்லியை வாயில் வைத்துக்கொண்டு மெல்ல முடியாமல், கண்ணீர் தாடிக்குள் இறங்க, விழுங்கிக்கொண்டிருந்தார். போன் தட்டுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தது. மோத்தி தட்டைப் பார்த்தது, போனைப் பார்த்தது, அவர் வாயைப் பார்த்தது. வெகு நேரத்துக்குப் பிறகு இறங்கி வந்து கிண்ணத்தில் ஒரு கொத்து கொத்தியது. பாய் அவசரமாக இன்னொரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ள இப்போது வழியில்லை. தட்டோடு உட்கார்ந்தவர் அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டாக வேண்டும். உப்பில்லாத கஞ்சியையும் ஜன்னல் புறாவையும் நர்ஸின் கல்யாணத்தையும் அவர் முதல் தடவையாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். ஒரு மாலை மோட்டார் போடச் சொல்லப் போனபோது, என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "இவ்ளோ பேசுவாளா பேட்டி அவ? இத்தன வருஷமா பக்கத்து ரூம்புலதான் இருந்தேன்."

மோத்தி தேறியது. மார்பில் புதிய இறகுக் குருத்து முளைத்தது. ஆனால் ஒன்றை மட்டும் அது விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் நடந்து போய் போனுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். அலகால் போனைத் தள்ளிப் பார்க்கும். பிறகு சமையலறை வாசலைப் பார்த்து ஒரு தடவை கூப்பிடும். பாயால் அதைத் தாங்க முடியவில்லை. "தெனமும் தேடுது. நான் அத ஏமாத்தறேன். எனக்குத் தெரியும் அவ வரமாட்டான்னு. அதுக்குத் தெரியாதே." அதற்கு ஒரு துணை வேண்டும் என்று அவரேதான் சொன்னார்.

குடியாத்தத்தில் என் பெரியப்பா மகன் தறிக்கூடத்து மாடியில் பறவைகள் வளர்க்கிறான். அவனிடமிருந்து வெள்ளையில் மஞ்சள் ஓடிய ஒரு பெண் பறவையைக் கொண்டுவந்தேன். உடனே ஒன்றாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் முதலில் இரண்டு கூண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. மோத்தி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுகளை நெருக்கி வைத்துக்கொண்டு வந்தார். பெண் பறவை தின்னும்போது மோத்தி ஓரக்கண்ணால் பார்க்கும். பிறகு அதுவும் கிண்ணத்துக்கு வரும். ஒருநாள் கம்பிகளுக்கு நடுவே இரண்டு அலகும் தொட்டுக்கொண்டதை, படியேறி வந்து எங்கள் கதவைத் தட்டிச் சொன்னார் பாய். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை.

இரண்டையும் ஒரே கூண்டில் விட்ட பிறகும் அவர் காலையில் தட்டோடு உட்காருவதை நிறுத்தவில்லை, குரலையும் நிறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆப்பத்தை அவருக்குக் கொடுக்கப் போயிருந்தேன். போனில் பாயம்மா கேட்டுக்கொண்டிருந்தார், சாப்பிட்டாயாடா என்று. மோத்தி கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெண் பறவை அதன் பிடரி இறகை ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டிருந்தது. மோத்தியின் கண் பாதி மூடியிருந்தது. கொண்டை நிமிரவில்லை. பாய் அந்தப் பதிவு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி ஒரு தடவை போட்டார். இரண்டு பறவைகளும் கிண்ணத்தில் இறங்கித் தின்னத் தொடங்கின, குரலுக்காக இல்லை, தங்களுக்குப் பசித்ததால். அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லதுதான் பேட்டி" என்றார். "அதுக்கு ஆளு கெடச்சிடுச்சி."

நான் கொடுத்த ஆப்பத்தைத் தொடாமலே எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து முன்னறைக்கும் நாளிதழுக்கும் திரும்பிப் போனார். சமையலறையில் அவருக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. எங்களோடு வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டால், "பசி கம்மி பேட்டி" என்பார். அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியில் தலை சுற்றி விழுந்தார். மகள் வந்து, இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், பெங்களூர் வந்துவிடுங்கள் என்று அழுதாள். அவர் மறுக்கவில்லை.

மகளின் வீடு அடுக்குமாடியில், சின்ன வீடு. இரண்டு பறவைக்கும் பெரிய கூண்டுக்கும் இடமில்லை. "அம்மியோட மோத்திய மட்டும் எடுத்துக்கலாம்பா. சின்னக் கூண்டு போதும்" என்றாள் அவள். அம்மாவை அவள் அம்மி என்றுதான் சொல்வாள். அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னாள். பாய் கூண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பாயம்மாவின் பொருள் என்று சொல்ல அவரிடம் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

"பிரிக்கக் கூடாதும்மா" என்றார். "ரெண்டும் பேட்டிகிட்டயே இருக்கட்டும்."

மாடிக்குக் கூண்டை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

மகள் அவ்வப்போது போன் செய்வாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவலைப்படுவாள். அவளும் மாப்பிள்ளையும் விடிந்ததும் வேலையில் உட்கார்ந்துவிடுவார்கள். தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனால், மூடியது மூடியபடி இருக்கும். டாக்டரிடம் காட்டியாயிற்று, எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. அடுத்த வருஷம் ஆம்பூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாய் பாதியாக இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. நேராகக் கூண்டருகே போய் உட்கார்ந்தார். மோத்தியும் அதன் துணையும் காலைத் தீனியில் இருந்தன. நான் எதுவும் கேட்காமல் அவருக்கு ஒரு தட்டு வைத்தேன். பறவைகளைப் பார்த்துக்கொண்டே ஓர் இட்லி சாப்பிட்டார். இன்னொன்று. "கொஞ்சம் சட்னி" என்றார்.

கதவருகே போனில் ஏதோ பார்த்துக்கொண்டு நின்ற மகள் நிமிர்ந்தாள். "வீட்ல ஒண்ணு சாப்பிட வெக்கறதுக்குள்ள பேஜாராயிடும் அக்கா" என்றாள் நம்ப முடியாமல்.

"அங்க என்கூட யாரும்மா துன்றாங்க?" என்றார் பாய். குறை சொல்கிற தொனி இல்லை. மேலே ஒழுகுகிறதா என்று முன்பு கேட்பாரே, அதே குரல்தான்.

அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டாள். பறவைகள் விதையுறை உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ரம்ஜான் கழிந்து சில வாரங்களில் பாய் போய்விட்டார். தூக்கத்திலேயே. பாயம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய ஆம்பூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். இப்போது கீழ் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு உள்ளூரில் யாரையும் தெரியாது. பறவைகள் எங்களோடுதான் இருக்கின்றன. மோத்திக்கு வயதாகிவிட்டது, பறப்பது குறைந்துவிட்டது. நான் காலையில் பத்து நிமிஷம் முன்னதாக எழுந்து, அவற்றோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குக் கிளம்புகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மகள் மாடிக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்து போன பிறகு தினமும் காலையில் அப்பாவோடு சேர்ந்து சாப்பிட்டதாகவும், அதற்குப் பிறகே லேப்டாப்பைத் திறந்ததாகவும் சொன்னாள். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கும் கூடவே உட்கார்ந்தாளாம். அவருக்கு உடம்பு கொஞ்சம் தேறியதுகூட என்றாள்.

"பேசிக்கினே சாப்பிடுவாரு அக்கா. அப்பா இவ்ளோ பேசுவாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"இன்னா பேசினாரு?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மி ஆஸ்பத்திரில இருந்தப்ப ஜன்னலாண்ட ஒரு புறா வருமாம். அது மோத்தி மாதிரி அழகு இல்லியாம்" என்றாள்.